எரவானத்தில் தொங்கிய சரித்திரம்

ஓர் ஊரின் சரித்திரத்தை எங்கே தேடுவீர்கள்? கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கும். மியூசியத்தில் செப்பேடு இருக்கும். கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் நிலக் கணக்கு இருக்கும். இவை எல்லாமே யாரோ ஓர் அரசனோ, அதிகாரியோ எழுதச் சொல்லி எழுதப்பட்டவை.

யாரும் எழுதச் சொல்லாத, எழுத்தே இல்லாத சரித்திரம் ஒன்றும் உண்டு. அது கூரை வீடுகளின் எரவானத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த பீர்க்கங்காயாக, சுரைக்குடுக்கையாக, கிழிந்த புடவைத் துணியில் முடிந்த கத்தரி விதையாக!

எரவானம் என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கூரை சரிந்து வந்து சுவரில் உட்காரும் இடத்தில் உள்பக்கம் ஒரு சந்து இருக்கும். அரிவாள், கோழி இறகு, ரேஷன் கார்டு என்று வீட்டின் பாதி சொத்து அங்கேதான் செருகியிருக்கும். அடுத்த வருடத்துக் காய்கறித் தோட்டமும் அங்கேதான் இருந்தது.

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு சேத்தியாத்தோப்பைத் தெரிந்திருக்கும். வடலூரைத் தாண்டியதும் வரும் கடைத்தெரு, டீக்கடை, கரும்பு லாரி. இன்னொரு விதத்திலும் சென்னைக்காரர்களுக்கு இந்தப் பகுதியோடு சொந்தம் உண்டு. 2004 முதல் சென்னைக்குக் குடிக்கப் போகிற வீராணம் தண்ணீர் இந்த வட்டாரத்துத் தண்ணீர்தான். ஊரை ஒட்டி வெள்ளாறு ஓடுகிறது. சேலம் பக்கத்து மலைகளில் பிறந்த வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாற்றையும் வாங்கிக்கொண்டு, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது.

எந்த இடத்தில் கடலைத் தொடுகிறது தெரியுமா? பரங்கிப்பேட்டையில்.

இந்தப் பெயரை ஒரு நிமிஷம் வாயில் போட்டு மெல்லுங்கள். பரங்கியர் என்றால் ஐரோப்பியர். அவர்கள் வந்து இறங்கி வியாபாரம் செய்த துறைமுகம் பரங்கிப்பேட்டை. போர்ச்சுகீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய போர்க்களம் என்று சரித்திரப் புத்தகங்களில் இந்த ஊர் வரும். ஆனால், அதே சொல் நம் சமையல்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. பரங்கிக்காய்!

பரங்கிக்காயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492-ல் அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் ராஜராஜ சோழனே ஆசைப்பட்டிருந்தாலும் பரங்கிக்காய்க் கூட்டு சாப்பிட்டிருக்க முடியாது. மிளகாய் அங்கிருந்து வந்தது. தக்காளியும் அப்படியே. கடலூர், விழுப்புரம் பக்கம் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பார்கள். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், பெயரில் மணிலாவின் முத்திரையோடு நம் ஊரில் குடியேறிவிட்டது. எல்லாருமே பெயரிலேயே பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள்!

போக்கும் நடந்திருக்கிறது. கத்தரிக்காய்க்கு இந்தியா பூர்வீக பூமிகளில் ஒன்று. அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அரபு மொழியில் 'பாதின்ஜான்', போர்ச்சுகீசிய மொழியில் 'பெரின்ஜேலா'. போர்ச்சுகீசியர் இங்கே வந்தபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது. ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'பிரிஞ்சால்' அதுதான். நம் வீட்டுப் பெண் வெளிநாடு போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்த கதை.

சரி, கப்பல் கரைக்கு வந்தது. விதை இறங்கியது. அப்புறம்?

அமெரிக்கக் காடுகளில் வளர்ந்த ஒரு கொடி, வெள்ளாற்றங்கரையின் வண்டல் மண்ணையும், சித்திரை வெயிலையும், ஐப்பசி அடைமழையையும் தாங்கிப் பழக வேண்டும். எந்த அரசாங்கமும் அதற்கு உத்தரவு போடவில்லை. செய்தது வீட்டுத் தோட்டம். துணி துவைத்த தண்ணீரும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடுகிற அந்தக் கால் குழி நிலம். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் அம்மாக்களும் ஆயாக்களும்.

பத்துக் காய் காய்த்தால் ஒன்பதைப் பறிப்பார்கள். ஒன்றை விட்டுவிடுவார்கள். எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம். கடைசியில் மிஞ்சிய சொத்தைக் காயையா? இல்லை. நோய் விழாத செடி, சீக்கிரம் காய்த்த செடி, குழம்பில் போட்டால் ருசிக்கிற செடி. அதில் கண்ணுக்கு நிறைவான காய்க்கு ஒரு துணிக்கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்துவிடுவார்கள். "அதுல கை வைக்காதடா, வெதைக்கு விட்டிருக்கு!" என்ற அதட்டலைக் கேட்காத கிராமத்துப் பிள்ளை உண்டா?

பயிர் விஞ்ஞானத்தில் இதற்குத் 'தேர்வு முறை' என்று பெயர். வருடா வருடம், தலைமுறை தலைமுறையாக இந்தத் தேர்வு நடந்தது. அமெரிக்காக்காரன் நாட்டுக்காரன் ஆனான். இன்று 'நாட்டுத் தக்காளி', 'நாட்டுப் பரங்கி' என்று பெருமையாகக் கேட்டு வாங்குகிறோமே, அந்த 'நாட்டு' என்ற பட்டத்தைக் கொடுத்தவர்கள் கையெழுத்துப் போடத் தெரியாத அந்தப் பெண்கள்தான்.

விதையைப் பாதுகாத்த விதத்தைப் பாருங்கள். பீர்க்கங்காயையும் சுரைக்காயையும் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு முழுசாக எரவானத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பரங்கி விதையைப் பசுஞ்சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டுவார்கள். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவைத்து, துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். தினமும் சமைக்கிற புகை அதன் மேல் படும். புகை படுகிற இடத்தில் ஈரம் தங்காது, வண்டு அண்டாது.

விதை விஞ்ஞானிகள் ஒரு கணக்கு சொல்கிறார்கள். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கைப் போடாமலே அடுப்பங்கரையில் விடையை எழுதி வைத்திருந்தார்கள்.

வெள்ளாற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொரு பிரச்னையும் உண்டு. வெள்ளம். கடலூர் மாவட்டத்துக்குப் புயலும் வெள்ளமும் விருந்தாளி மாதிரி அல்ல, வீட்டு ஆள் மாதிரி. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. பண்ருட்டிப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பெரும்பகுதி தண்ணீரில் மிதந்தது. தோட்டம் போகும். சில சமயம் கூரையும் போகும். அப்போது விதைக்கு எங்கே போவது?

பக்கத்துத் தெருவுக்கு. அல்லது பெண் கொடுத்த ஊருக்கு.

"ஏக்கா, பீர்க்கன் வெதை இருக்கா?"

"இருக்குடி, எடுத்துக்க. ஆனா காய்ச்சதும் எனக்குப் புது வெதை குடுத்துடணும்."

இதற்கு ரசீது கிடையாது, வட்டி கிடையாது. கல்யாணமாகிப் போகிற பெண்ணின் முந்தானையில் நாலு விதை முடிந்து போகும். அம்மா வீட்டுத் தோட்டத்தை வெள்ளம் கொண்டுபோனால், மகள் வீட்டிலிருந்து அதே விதை திரும்பி வரும்.

இதையே இன்று உலகம் கோடிக்கணக்கில் செலவு செய்து செய்கிறது. வட துருவத்துக்குப் பக்கத்தில், நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவில், பனி மலையைக் குடைந்து 2008-ல் ஒரு விதைப் பெட்டகம் திறந்தார்கள். உலகத்தின் விதை வங்கிகள் எல்லாம் தங்கள் விதையில் ஒரு பிரதியை அங்கே போட்டு வைக்கின்றன. சிரியாவின் அலெப்போ நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த சர்வதேச விதை வங்கி உள்நாட்டுப் போரில் சிக்கியபோது, 2015-ல் அந்த நிறுவனம் ஸ்வால்பார்டிலிருந்து தன் விதையைத் திருப்பி எடுத்தது. லெபனானிலும் மொராக்கோவிலும் பயிரிட்டுப் பெருக்கி, 2017-ல் புது விதையைத் திரும்பவும் பெட்டகத்தில் வைத்தது. அம்மா வீட்டுக் கதைதான், இடம் மட்டும் வேறு.

விதைக்காக உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் லெனின்கிராட் நகரத்தை ஹிட்லரின் படை 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை முற்றுகையிட்டது. லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். அந்த நகரத்தில்தான் நிகோலாய் வவிலோவ் உலகம் முழுக்கச் சுற்றிச் சேகரித்த விதைகள் இருந்தன. அரிசி, கோதுமை, கடலை என்று மூட்டை மூட்டையாக. காவல் இருந்த விஞ்ஞானிகள் அதில் ஒரு மணியைத் தொடவில்லை. நிலக்கடலைச் சேகரிப்புக்குப் பொறுப்பாக இருந்த அலெக்சாண்டர் ஷுகின் தன் மேஜையிலேயே பட்டினியால் இறந்துபோனார். வவிலோவோ ஸ்டாலினின் சிறையில் அடைபட்டு, 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் மாண்டார். விதை நெல்லைத் தொடாதே என்று நம் ஊரில் சொல்வதன் முழு அர்த்தம் இதுதான்.

நம் மல்லாட்டைக்கும் சர்க்கார் ஆபீஸுக்கும் ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் தென் ஆற்காடு மாவட்டத்துக் கடலை பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய்க்குப் போனது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. பணம் புரளும் பயிர். 1890-களின் கடைசியில் விளைச்சல் சரிந்தபோது வெளிநாட்டிலிருந்து புது விதைகளைக் கொண்டுவந்தார்கள். 1905-ல் கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே பாலூரில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையே வந்துவிட்டது. கடலைக்காக.

கத்தரிக்காய்க்கு யாரும் பண்ணை வைக்கவில்லை. அது கப்பலேறிப் பணம் கொண்டுவரும் பயிர் அல்லவே! அதனால் காய்கறி விதை ரொம்ப காலத்துக்குப் பெண்களின் இலாகாவாகவே இருந்தது.

பிற்பாடு பாலூர், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் ஆனது. பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 'கோ 2' கத்தரி, நெகமம் பக்கத்து வரிக்கத்தரியிலிருந்து எடுத்தது. 'எம்டியூ 1', மதுரைப் பக்கம் கல்லம்பட்டிக் கத்தரியிலிருந்து வந்தது. 'கேகேஎம் 1', குளத்தூர்க் கத்தரியிலிருந்து. பாலூர் பெயரைச் சுமக்கும் 'பாலூர் 1' பலா, பண்ருட்டிக்குப் பக்கத்திலிருக்கும் பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து. விஞ்ஞானிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. பல வருடம் தூய்மைப்படுத்திச் சோதித்து எல்லாருக்கும் கிடைக்கும்படி செய்தது அவர்கள்தான். ஆனால், அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஏற்கெனவே யாரோ தேர்ந்தெடுத்து வைத்திருந்ததிலிருந்து. அந்த 'யாரோ'வுக்குப் பெயர் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் எஞ்சியது. ரகத்துக்கு நம்பர் வந்ததும் அதுவும் மறைந்தது.

அப்புறம் பாக்கெட் வந்தது.

1973-ல் பெங்களூரின் இந்தோ அமெரிக்கன் ஹைபிரிட் சீட்ஸ் கம்பெனி தக்காளியிலும் குடைமிளகாயிலும் ஒட்டு ரகங்களை இறக்கியது. 1988-ல் மத்திய அரசு புதிய விதைக் கொள்கை கொண்டுவந்து வெளிநாட்டு விதைக்கும் கதவைத் திறந்தது. உரக்கடையில் மூட்டைகளுக்கு மேலே பளபளவென்று பாக்கெட்டுகள் தொங்க ஆரம்பித்தன. எரவானத்திலிருந்து இறங்கிய விதை கடையில் ஏறித் தொங்கியது.

ஹைபிரிட் விதை விஷமல்ல. விளைச்சல் கூடுதல். காய் ஒரே அளவில் இருக்கும், லாரியில் நசுங்காது. நகரத்தில் நாம் சாப்பிடுகிற தக்காளியில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 'அது மலட்டு விதை, முளைக்காது' என்று சிலர் சொல்வதும் தப்பு. முளைக்காத விதைக்கான தொழில்நுட்பத்துக்கு 1998-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள், உண்மை. உலகமே எதிர்த்ததால் அது சந்தைக்கு வரவே இல்லை. ஹைபிரிட் விதை முளைக்கும், காய்க்கும். ஆனால், பிள்ளை அம்மாவைப் போல இருக்காது. ஒரு செடி நெட்டை, ஒரு செடி குட்டை, ஒரு காய் உருண்டை, ஒரு காய் நீளம் என்று சிதறிவிடும். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்குப் போயாக வேண்டும். பூட்டு விதையில் இல்லை, அதன் இரண்டாம் தலைமுறையில் இருக்கிறது.

பழியை எல்லாம் கம்பெனி மேல் போடுவதும் நியாயமில்லை. 2006-க்குப் பிறகு தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பு வந்தது. 2010-ல் கூரை வீடுகளை கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. பெண்களின் நுரையீரல் பிழைத்தது. மழைக்காலத்தில் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கிற அவஸ்தை ஒழிந்தது. நல்ல விஷயங்கள். ஆனால் புகையும் எரவானமும் போனபோது விதையின் வீடும் போய்விட்டது. அதற்கு மாற்று இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

விளைவு 2009-ல் தெரிந்தது. புழுவை எதிர்க்கும் பி.டி. கத்தரிக்காய்க்கு அந்த வருடம் அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. மஹிகோ கம்பெனியோடு சேர்ந்து கோவை வேளாண் பல்கலைக்கழகம் மரபணுவைப் புகுத்தியிருந்த ரகங்கள் எவை தெரியுமா? கோ 2, எம்டியூ 1, கேகேஎம் 1, பாலூர் 1 கத்தரி. நெகமம், கல்லம்பட்டி, குளத்தூர் தோட்டத்துப் பிள்ளைகள்!

நாடு முழுக்க எதிர்ப்பு. அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொது விசாரணை நடத்தி, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்தி வைத்தார். அதை உண்ணலாமா கூடாதா என்பது விஞ்ஞானிகள் வாதிடும் விஷயம். சரித்திரம் கேட்கிற கேள்வி வேறு. இந்தக் கத்தரி யாருடையது? கர்நாடகத்தின் உள்ளூர்க் கத்தரி ரகங்களை அனுமதி பெறாமல் பயன்படுத்தியதாக, சென்னை தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011-ல் மஹிகோ உள்ளிட்டோர் மீது நடவடிக்கை எடுக்க முடிவு செய்தபோது, அந்தக் கேள்வி சட்டத்தின் வாசலுக்கே வந்தது.

சட்டத்தில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 2001-ல் இயற்றிய பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கலாம், சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்கிறது. பிராண்ட் பெயர் போட்டு மட்டும் விற்கக்கூடாது. ஆயா எரவானத்தில் செய்ததற்குப் பாராளுமன்றமே கையெழுத்துப் போட்டிருக்கிறது! 2019-ல் பெப்சிகோ கம்பெனி குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது வழக்குப் போட்டபோது விவசாயிகள் தரப்பு இந்தப் பிரிவைத்தான் கையில் எடுத்தது. எதிர்ப்பு வலுத்ததும் கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கியது. வேலூர் மாவட்டம் இலவம்பாடியின் முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயர் காய்க்குத் திரும்பக் கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆனால், உரிமை காகிதத்தில் இருந்து என்ன பயன்? கையில் விதை இருக்க வேண்டுமே! நெல்லுக்கு ஒரு 'நெல்' ஜெயராமன் கிடைத்தார். திருத்துறைப்பூண்டியில் விதைத் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை நெல் கொடுத்து, மறு வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கி, 2018-ல் மறையும்வரை பாரம்பரிய ரகங்களைப் பரப்பினார். காய்கறிக்கு அவ்வளவு பெரிய திருவிழா தேவையில்லை. ஒரு தொட்டி போதும்.

மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறீர்களா? அடுத்த முறை ஹைபிரிட் என்றோ 'எஃப் 1' என்றோ அச்சிடாத நாட்டு விதையாகப் பார்த்து வாங்குங்கள். கத்தரியில் ஆரோக்கியமான செடியின் ஒரு காயை மஞ்சளாகப் பழுக்கும்வரை விடுங்கள். சதையைத் தண்ணீரில் பிசைந்து, மிதக்கும் விதையைத் தள்ளிவிட்டு, அடியில் தங்குவதை நிழலில் உலர்த்துங்கள். தக்காளியின் விதைக் கூழை இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டால் வழுவழுப்புக் கழன்றுவிடும். கழுவிக் காயவையுங்கள். பரங்கிக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பக்கத்து மாடியில் வேறு ரகப் பரங்கி இருந்தால் தேனீ கலந்துவிடும். மறுநாள் மலரப்போகும் பெண் பூவை முதல் நாள் மாலையே நூலால் கட்டி, காலையில் அதே ரகத்து ஆண் பூவைத் தடவி, திரும்பக் கட்டிவிடுங்கள். காய்ந்த விதையைச் சாம்பல் கலந்து ஒரு பாட்டிலில் போட்டு, பெயரும் வருடமும் எழுதி ஒட்டுங்கள். அதில் பாதியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். வெள்ளம் உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். தேடுகிற அன்றைக்கு விதை இருக்க வேண்டுமென்றால், இப்போது காய்த்துத் தொங்குவதில் ஒரே ஒரு காயைப் பறிக்காமல் விடுங்கள். குழம்பில் ஒரு கத்தரிக்காய் குறைந்தால் குடியா முழுகிவிடும்?